சனி இரவுக்கு ஒரு சாக்கு

கனடாவின் ஒண்டாரியோ மாகாணப் பொதுத் தொலைக்காட்சி 1974இல் தொடங்கிய 'சாட்டர்டே நைட் அட் தி மூவீஸ்' நிகழ்ச்சியைப் பலரும் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. கல்வி ஒளிபரப்புக்கென்று உரிமம் பெற்ற நிறுவனம் அது. வெறுமனே படம் போட்டால் 'இதுல என்ன கல்வி இருக்கு?' என்ற கேள்வி வரும். எனவே இரண்டு பழைய படங்கள், நடுவில் திரைக்கலைஞர்களின் நேர்காணல். விளம்பரம் கிடையாது. ஆக, ரசனை தன்னைக் கல்வி என்று சொல்லித்தான் உள்ளே நுழைய முடிந்தது. இன்பத்தை நம்பாத அதிகாரத்தின் சொல்லாடல் இது என்று முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான்.

1999வரை தொகுத்து வழங்கிய எல்வி யோஸ்ட் முன்னாள் பள்ளி ஆசிரியர். ஆனால் அவர் கேட்டதெல்லாம் ரசிகனின் கேள்விகள். இயக்குநரோடு நின்றுவிடாமல் நடிகர், திரைக்கதை எழுதியவர், இசையமைத்தவர் என்று போனார். படம் ஒரு மேதையின் அற்புதம் என்ற கட்டமைப்பு இதில் கலைகிறது. பலபேர் உழைப்பு தெரிகிறது. சாக்காக வந்த நேர்காணல் கடைசியில் படத்தையே வேறுமாதிரி வாசிக்க வைத்துவிட்டது.

2013இல் செலவைக் குறைக்கிறோம் என்று நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். பழைய படங்கள் இன்று எங்கேயும் கிடைக்கும், சரி. விளம்பரதாரருக்குக் கணக்குக் காட்டத் தேவையில்லாத சனி இரவு எங்கே கிடைக்கும்? ரசனைக்குச் சாக்கு தேடிய காலத்தை நாம் கேலி செய்யலாம். அந்தச் சாக்குக்குக்கூட இப்போது பணம் ஒதுக்க ஆளில்லை.