தென் சூடானின் பிரதேச சுயாட்சி, 1972–1983: ஒரு விமர்சன நோக்கு

தென் சூடான் பிரதேசத்தின் வரலாறு பெரும்பாலும் ஒரு மனிதரின் நம்பிக்கைத் துரோகமாகவே சொல்லி முடிக்கப்படுகின்றது. சனாதிபதி நிமேரி 1972இல் கொடுத்தார். 1983இல் அவரே பறித்தார். இக்கூற்றில் பொய் இல்லை. எனினும் பதினொரு ஆண்டுகள் நிலைத்த ஓர் ஆட்சியமைப்பின் வீழ்ச்சியை ஒருவரது குணக்கேட்டால் மட்டும் விளக்கிவிட முயல்வது ஆய்வாகாது. பறிக்கக்கூடியதாக அது ஏன் அமைந்திருந்தது? பறிப்பதற்குத் தெற்கிலிருந்தே கைகள் ஏன் நீண்டன?

1955இல் தொடங்கிய உள்நாட்டுப் போர், 1972 பெப்ரவரியில் எதியோப்பியத் தலைநகரில் கைச்சாத்தான அடிஸ் அபாபா ஒப்பந்தத்தால் ஓய்ந்தது. அதன்வழி வந்த சட்டம் பஹ்ர் அல் கசால், எக்குவற்றோரியா, மேல் நைல் ஆகிய மூன்று மாகாணங்களையும் ஒரே பிரதேசமாக்கிற்று. டிங்கா, நுவர், ஷில்லுக், அசாந்தே, பாரி, மாடி எனப் பல்வேறு இனக்குழுக்கள் வாழும் பெருநிலப்பரப்பு அது. யூபா தலைநகராயிற்று. பிரதேசச் சபையும் உயர் நிறைவேற்றுச் சபையும் அமைந்தன. அரபு நாட்டின் உத்தியோக மொழியாக இருக்க, ஆங்கிலம் தெற்கின் முதன்மை மொழியாக ஏற்கப்பட்டது.

இச்சட்டத்தின் வாசகத்தை ஊன்றி நோக்குவோர் முதலில் வியப்பது அதன் பாதுகாப்பு ஏற்பாட்டையே. தேசியச் சபையின் நான்கில் மூன்று பங்கினரும், தெற்கில் நடாத்தப்படும் மக்கள் தீர்ப்பில் வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கினரும் இசைந்தாலன்றி அதனைத் திருத்தலாகாது. ஏட்டளவில் இதனினும் வலிய பூட்டு அரிது. ஆனால் அதே சட்டம் உயர் நிறைவேற்றுச் சபையைப் பிரதேசச் சபைக்கு மட்டுமன்றி நாட்டின் சனாதிபதிக்கும் பொறுப்புடையதாக்கிற்று. அதன் தலைவரைச் சபை விதந்துரைக்க, நியமிப்பவர் சனாதிபதியே. மக்கள் தேர்ந்த சபை கூடுமுன்னரே 1972இல் ஏபெல் அலியர் தலைவரானார். அவர் தெற்கைச் சேர்ந்த டிங்கா இனத்தவர், ஆற்றலாளர். ஆயினும் பேச்சுவார்த்தை மேசையில் அவர் அமர்ந்திருந்தது கார்ட்டூம் அரசின் தூதுக்குழுத் தலைவராக; அன்று அவர் நாட்டின் உப சனாதிபதியுமாவார். இதனை ஒரு தற்செயலாகக் கொள்வதற்கில்லை. பிரதேசத்தின் உயிர் சட்டத்தில் தங்கியிருக்கவில்லை, நிமேரியின் தயவிலேயே தங்கியிருந்தது என்பதைத் தெற்கின் தலைவர்களே தொடக்கத்திலிருந்து ஏற்றுக்கொண்டனர் எனலாம். வடக்கிலே தமக்கு எதிரிகள் பெருகியிருந்த காலத்தில் நிமேரிக்குத் தெற்கின் ஆதரவு வேண்டியிருந்தது. 1977இல் அவர் வடக்கின் எதிர்க்கட்சியினரோடு இணக்கங் கண்டபின் அத்தேவை குறைந்தது. 1980இலும் 1981இலும் பிரதேச ஆட்சி கலைக்கப்பட்டமை இதன் விளைவேயாகும்.

1978 அளவில் பெந்தியூவை அண்டிய பகுதியில் எண்ணெய் காணப்பட்டமை இம்மாற்றத்தை விரைவுபடுத்திற்று. சுத்திகரிப்பாலை தெற்கில் அன்றி வடக்கே கொஸ்தியில் அமையும் என்ற முடிவும், 1980இல் எல்லைகளை மாற்ற முனைந்த முயற்சியும் தெற்கைக் கொதிக்கச் செய்தன. எல்லை முயற்சி கைவிடப்பட்டது, ஐயம் கைவிடப்படவில்லை.

விமர்சகர் பலர் தயங்கும் இடம் இதற்கு அடுத்தது. பிரதேசத்தைப் பிரிக்கவேண்டுமென்ற குரல் எக்குவற்றோரியாவிலிருந்தே எழுந்தது. அமைச்சுகளிலும் பொலிசிலும் நிருவாகத்திலும் டிங்காக்களின் மேலோங்கலை அங்குள்ளோர் முறையிட்டனர். 1979இல் இடி அமீனின் வீழ்ச்சியை அடுத்து உகண்டாவிலிருந்து திரும்பிய எக்குவற்றோரியர் இக்குரலுக்கு வலுச் சேர்த்தனர். பங்கிடுதலைக் குறிக்கும் பாரிமொழிச் சொல்லான 'கொகோரா' இயக்கத்தின் பெயராயிற்று. போராளிகளின் தலைவராக ஒப்பந்தத்தை உறுதிப்படுத்திய யோசேப் லாகு, தாமும் எக்குவற்றோரிய மாடி இனத்தவர், பிரிவினையை ஆதரித்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. தாம் பெற்றெடுத்த பிள்ளையையே அவர் கூறுபோட இசைந்தார்.

இவர்களைக் காட்டிக்கொடுத்தோர் என ஒதுக்கிவிடுதல் எளிது, நேர்மையன்று. சிறுபான்மையாக நின்று உரிமை கேட்டுப் பெற்ற ஒரு பிரதேசம் தன்னுள்ளே உள்ள சிறுபான்மையினரின் அச்சத்தைப் பொருட்படுத்தாதவிடத்து, அந்த அச்சம் வேறு புகலிடம் தேடுவது இயல்பே. சட்டம் உள்ளூர் நிருவாகத்தை ஒழுங்கமைக்கும் அதிகாரத்தைப் பிரதேசச் சபைக்கு வழங்கியிருந்தது. யூபாவில் குவிந்த அதிகாரத்தை மாகாணங்களுக்குப் பகிர்ந்தளிக்க அதனைப் போதிய அளவு பயன்படுத்தாமை அலியர் தரப்பின் பெருங்குறை. எதிர்த்தரப்பின் குறை இதனினும் பாரதூரமானது. தமது சபையிடம் கேட்டுப் போராடிப் பெறவேண்டியதைக் கார்ட்டூமின் கட்டளையிடம் கேட்டனர். பூட்டை உடைக்க விரும்பியவர் கையிலேயே உடைப்பதற்கான நியாயத்தையும் ஒப்படைத்தனர்.

1983 யூன் 5ஆம் திகதி ஒரு கட்டளையால் பிரதேசம் மூன்றாக்கப்பட்டது. நான்கில் மூன்று பங்கினரும் கேட்கப்படவில்லை. மக்கள் தீர்ப்பும் நடைபெறவில்லை. புதிய பிரதேசங்களின் ஆளுநர்கள் சனாதிபதியால் நியமிக்கப்பட்டனர். தெற்கு முழுமைக்குமான சபை மறைந்தது. எக்குவற்றோரியா தனித்து நின்றது உண்மை. ஆனால் கேட்டதைவிடக் குறைந்த அதிகாரத்துடனேயே நின்றது. அதற்கு முந்திய மாதத்திலேயே போர் நகரில் தென்னகப் படையினர் கிளர்ந்தெழுந்திருந்தனர். செப்ரெம்பரில் ஷரீஆச் சட்டம் நாடு முழுவதற்கும் விதிக்கப்பட்டது. ஆகவே இரண்டாம் போருக்குப் பிரிவினை மட்டுமே காரணம் என்பாரது கூற்றும் முழுமையானதன்று.

அப்போர் 2005 வரை நீடித்தது. 2011 யூலை 9இல் தென் சூடான் தனிநாடாயிற்று. அந்நாட்டின் சனாதிபதி சல்வா கீர், 2015 ஒக்ரோபரில் பத்து மாநிலங்களை இருபத்தெட்டாகப் பிரித்தார். 2017இல் அவை முப்பத்திரண்டாயின. 2020 பெப்ரவரியில் மீண்டும் பத்தாயின. இருபத்தெட்டாகப் பிரித்ததும் ஒரு கட்டளையாலேயே.