மறுபிறப்பும் நூற்பற்றும்: யப்பானிய நாவல்வரிசை ஒன்றன் திறனாய்வு

மறுபிறப்பு என்னும் பொருள் யப்பானிய இலக்கியத்துக்குப் புதியதன்று. பௌத்தம் வேரூன்றிய அந்நாட்டிலே பழங்கதைகளும் இக்கால நாவல்களும் அதனைப் பலவாறு எடுத்தாண்டுள்ளன. யுக்கியோ மிஷிமா தம் இறுதி ஆக்கமாகிய 'வளமைக் கடல்' என்னும் நான்கு நாவல்களையும் அதன்மீதே கட்டினார். அங்கே பிறவிகளின் தொடர்பை ஆராய்பவன் மீண்டும் பிறந்தவன் அல்லன். வாழ்நாளெல்லாம் அருகிருந்து நோக்கும் ஹொண்டா என்னும் நண்பனே. இக்காலத்து 'லைட் நாவல்' எனப்படும் இளைஞர் நாவல்களிலோ நிலைமை வேறு. இறந்தவன் தன் அறிவும் நினைவும் குன்றாது மற்றோர் உலகிலே பிறக்கின்றான். 2004ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற 'ஷோசெற்சுக்கா நி நரோ' என்னும் இணையத்தளத்திலே இத்தகைய கதைகள் மலிந்தன. அவற்றுட் பலவற்றில் மறுபிறப்பென்பது வாழ்விலே தோற்றவனுக்குக் கிடைக்கும் ஆறுதற் பரிசேயாகும். உழைப்பின்றி வரும் பேராற்றல் அதனுடன் சேர்ந்தே வருகின்றது.

அத்தளத்திலேயே தோன்றி, அவ்வழக்கிலிருந்து விலகி நிற்பது கசுக்கி மியா எழுதிய 'ஹொன்சுக்கி நோ கெக்கொக்குஜோ' என்னும் நாவல்வரிசை. 2013 முதல் 2017 வரை அங்கு தொடராக வெளிவந்த இது, 2015 முதல் 2023 வரை ஐந்து பகுதிகள் கொண்ட 33 நூல்களாக அச்சேறியது. 'கெக்கொக்குஜோ' என்பது கீழோர் மேலோரை வீழ்த்தி எழுதலைக் குறிக்கும் சொல். யப்பானிய வரலாற்றிலே உள்நாட்டுப் போர்கள் மலிந்த காலத்தோடு இணைத்துப் பேசப்படுவது. நூல்மீது காதல் கொண்ட ஒருத்தி அடித்தளத்திலிருந்து மேலெழுவதே கதையென்பதைத் தலைப்புத் தானே உணர்த்துகின்றது.

நூலகத்திலே பணி கிடைத்த மகிழ்ச்சி ஆறுமுன் உரானோ என்னும் மாணவி நிலநடுக்கத்திலே புத்தகக் குவியலின்கீழ் அகப்பட்டு இறக்கின்றாள். ஏரன்பெஸ்ற் என்னும் நகரிலே, காவற்படைவீரன் ஒருவனின் மகளான மைன் என்னும் ஐந்து வயது நோயாளிச் சிறுமியாகக் கண்விழிக்கின்றாள். அங்கே நூல் செல்வர்க்கே உரியது. நூல் இல்லையெனில் தானே ஆக்குவதென்று அவள் துணிகின்றாள். புல்லின் தண்டுகளைப் பின்னிப் பார்க்கின்றாள். களிமண் ஏடுகள் சூட்டிலே சிதறிவிடுகின்றன. எழுத்துப் பொறித்த மரத்துண்டுகளை விறகென எண்ணித் தாய் அடுப்பிலிடுகின்றாள்.

இத்தோல்விகளே நாவலின் முதற் சிறப்பெனலாம். காகிதம் செய்யும் முறையெல்லாம் உரானோ ஏட்டிலே கற்றவள். ஆயின் மைனின் கைகளுக்கு வாளி தூக்கும் வலுவுமில்லை. அயல்வீட்டுச் சிறுவன் லுற்சின் உழைப்பும், வணிகன் பென்னோவின் முதலும் வந்து சேர்ந்த பின்னரே முதற் காகிதம் உருவாகின்றது. ஏட்டறிவு பிறர் கைகளின்றிப் பயன்படாது என்னும் உண்மையை ஆசிரியர் உபதேசமாகக் கூறாது நிகழ்ச்சிகளாலேயே நிறுவுகின்றார்.

இரண்டாவது சிறப்பு, ஏனைய மறுபிறப்புக் கதைகள் பல எழுப்பாத வினாவை இஃது எழுப்புவதாகும். புதிய உயிர் குடிபுகுந்த உடலுக்குரிய குழந்தை எங்கே? சிறுமி அறியவொண்ணாத செய்திகளை மைன் அறிந்திருப்பதைக் கண்ட லுற்ஸ், தன் பழைய தோழியைத் திருப்பித் தருமாறு சினந்து கேட்கின்றான். உடலுண்ணும் நோயின் காய்ச்சலிலே அவள் மறைந்துவிட்டாள் என்னும் விடையே அவனுக்குக் கிடைக்கின்றது. அவன் விரும்பின் தானும் அந்நோய்க்கு இரையாகி மறையத் தயாரென அவள் கூறும்போது, அவளை ஏற்பதோ தள்ளுவதோ அச்சிறுவனின் பொறுப்பாகின்றது. அவன் ஏற்கின்றான். மறுபிறப்பு இங்கே பரிசன்று, கடன்.

இக்கடனுணர்வு வளர்ந்து முதிர்வதே முதலிரு பகுதிகளின் உள்ளோட்டம். தொடக்கத்திலே குடிசையின் அழுக்கையும் நாற்றத்தையும் வெறுத்தவள் அவள்; வீட்டாரை விட நூலே அவளுக்குப் பெரிது. கோயிலின் தலைமைக் குரு பேர்டினாண்டு மந்திரக் கருவியொன்றால் அவள் நினைவுகளை ஆராயுங்கால், முற்பிறப்பின் தாயை அவள் மீண்டும் காண்கின்றாள். நூலிலே ஆழ்ந்து அத்தாயின் அன்பைப் பொருட்படுத்தாதிருந்தமை அப்போதுதான் உறைக்கின்றது. இரண்டாம் பகுதியின் முடிவிலே வீட்டாரைக் காக்கும்பொருட்டு அவள் பிரபுவின் வளர்ப்பு மகளாகின்றாள். மைன் இறந்தாளென அறிவிக்கப்படுகின்றது. ரோசமைன் என்னும் பெயர் சூட்டப்படுகின்றது. பெற்றோரைப் பெற்றோரென அழைக்கவொண்ணாதவாறு உடன்படிக்கை கைச்சாத்தாகின்றது. இஃது அவளது மூன்றாம் பிறப்பு. முதல் மாற்றம் விபத்தால் நேர்ந்தது. இம்மாற்றத்தையோ அவள் அறிந்தே ஏற்கின்றாள். எவருக்காகப் படநூல் ஆக்கினாளோ, அந்தக் கைக்குழந்தையான தம்பி கமில் அவளைத் தமக்கையென அறியாமலே வளர்வான்.

தமிழ் வாசகர்க்கு இவ்விடத்தில் மணிமேகலை நினைவுக்கு வரும். மணிபல்லவத்துப் புத்தபீடிகையின்முன் பழம்பிறப்புணர்ந்த மணிமேகலைக்கு அவ்வுணர்வு பற்றறுக்கும் வழியாகின்றது. மைனுக்கோ பழம்பிறப்பின் நினைவு பற்றுக்கொள்ளக் கற்பிக்கின்றது. முன்னது துறவறத்தின் காப்பியம். பின்னது இல்லத்தின் கதை. நோக்கம் வேறாயினும், பழம்பிறப்பறிவை வெறும் வியப்பாக விடாது ஒழுக்கத்தோடு பிணைத்தமையில் இரண்டும் ஒருபுடை ஒத்தனவே.

குறைகளும் உள. கதைத்தலைவியே கூறுவதாயமைந்த நடை, இடையிடையே துள்ளும் அரட்டையாகிக் காட்சியின் கனத்தைக் குறைக்கின்றது. மூன்றாம் பகுதி முதற்கொண்டு பிரபுக்களின் சடங்கும் கல்விக்கழகமும் அரசியற் சூழ்ச்சியும் ஓங்க, கீழ்நகரின் தச்சரும் கொல்லரும் பின்னணிக்குச் சென்றுவிடுகின்றனர். கோயில் அநாதைச் சிறுவரைப் பட்டினியிலிருந்து மீட்டுப் பட்டறையிலே வேலைக்கமர்த்தும் நிகழ்ச்சி மனிதநேயமுடையதே. ஆயின் அவ்வுழைப்பின் பயன் எவரைச் சென்றடைகின்றது என்னும் வினாவை நாவல் போதிய அளவு தொடரவில்லை. அச்சேறும் நூல்களை முதலிலே வாங்குவோரும் பிரபுக்களே. ஒருத்தி மேலெழுந்தாள், அவள் பிறந்த தெரு எவ்வளவு எழுந்தது? தலைப்பிலுள்ள பெருஞ்சொல் இவ்வினாவுக்கு விடைகூறக் கடமைப்பட்டது.

எனினும், பொழுதுபோக்கென ஒதுக்கப்படும் இலக்கிய வகையிலே இவ்வளவு சிந்தனைக்கு இடமமைத்தமை பாராட்டற்குரியது. நூலைத் தேடிப் புறப்பட்டவள் மனிதரைக் கண்டடைவதும், கண்டடைந்த மனிதர்க்காகத் தன் பெயரையே இழக்கத் துணிவதும் இந்நாவல்வரிசைக்கு உயிரூட்டுகின்றன. நூற்பற்று மனிதப்பற்றாக முதிர்ந்தாலன்றிக் கல்வி நிறைவுறாது என்பதை இது பல்லாயிரம் பக்கங்களிலே சொல்கின்றது. முதல் ஏழு நூல்களுக்குள்ளேயே அது முழுமையாகச் சொல்லப்பட்டுவிடுகின்றது என்பது அதன் வலிமையும் குறையும் ஆகும்.