மேடையிலிருந்து திரைக்கு: தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்பட நடிகர்களின் தொழில்வழிகளும் வடாற்காட்டுக் கூத்தர்களின் விடுபாடும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்த் திரைப்படம் நாடக மேடையின் தொடர்ச்சியே என்பது திரை வரலாற்று நூல்களில் நிலைபெற்ற கருத்து. அக்கருத்தில் இடம்பெறும் 'நாடகம்' எது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. 1931 முதல் 1954 வரை மேடையிலிருந்து திரைக்கு வந்த நடிகர்களின் தொழில்வழிகள் குரல்வழி, குழுவழி, வசனவழி என மூன்றாகப் பகுக்கப்பட்டு ஆராயப்படுகின்றன. இம்மூன்றும் கம்பெனி நாடகம், ஸ்பெஷல் நாடகம் ஆகியவற்றிலிருந்தே கிளைத்தன. ஆரணி, சந்தவாசல், செய்யாறு வட்டாரக் கூத்தர்களுக்கு அவை திறக்கவில்லை. இவ்விடுபாட்டிற்குக் கலைத்தகுதி காரணமன்று. தொழில் அமைப்பும் ஒலித் தொழில்நுட்பமுமே காரணங்கள் என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பாய்ஸ் கம்பெனி, ஸ்பெஷல் நாடகம், தெருக்கூத்து, பேசும்படம், பின்னணிப் பாடல், வடாற்காடு.

1. முன்னுரை

தமிழ்த் திரை வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) ஆகிய இருவரிடமிருந்து தொடங்கி, பாய்ஸ் கம்பெனிகள் வழியாகப் பேசும்படத்திற்கு வந்து சேர்கின்றனர். இந்த நேர்கோட்டிற்கு வலுவான சான்றுகள் உண்டு. எம்.ஜி. இராமச்சந்திரன், பி.யு. சின்னப்பா, என்.எஸ். கிருஷ்ணன், சிவாஜி கணேசன் என முன்னணி நடிகர் பலரும் நாடகக் குழுக்களில் பயின்றவர்களே. ஆயினும் இக்கோட்டை வரைவதற்குப் பயன்பட்ட மூலங்கள் கவனத்திற்குரியவை. பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்', தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' முதலிய தன்வரலாறுகள் சபாக்களுக்கும் கம்பெனிகளுக்கும் உள்ளிருந்து எழுதப்பட்டவை. எழுதும் வாய்ப்புப் பெற்றோரின் நினைவே தமிழ் நாடகத்தின் முழு நினைவாகக் கொள்ளப்பட்டது.

இதே காலத்தில் வடாற்காட்டில் மற்றொரு மேடை இயங்கி வந்தது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி, அதனை அடுத்த சந்தவாசல், படவேடு, செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை முதலிய ஊர்களை உள்ளடக்கிய இவ்வட்டாரத்தில் திரௌபதி அம்மன் விழாக்களையொட்டிப் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடைபெறுவது வழக்கம். இன்றும் அம்மரபு தொடர்கிறது. பாட்டு, அடவு, வசனம், ஒப்பனை ஆகிய அனைத்திலும் தேர்ந்த முழுநேர, பகுதிநேரக் கலைஞர்கள் இங்கு இருந்தனர். எனினும் தொடக்ககாலப் பேசும்படங்களின் முன்னணி நடிகர் வரிசையில் இக்கூத்து மரபினரைக் காண முடிவதில்லை. நாடகத்திலிருந்து திரைப்படம் இயல்பாக வளர்ந்தது என்னும் விளக்கத்திற்குள் இவ்விடுபாடு அடங்காது.

2. மௌனப்படமும் மேடை நடிகரும்

வேலூரைச் சேர்ந்த ஆர். நடராஜ முதலியார் 1918ஆம் ஆண்டையொட்டிக் 'கீசக வதம்' என்னும் மௌனப்படத்தைச் சென்னையில் உருவாக்கினார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமாக அது கருதப்படுகிறது. வடாற்காட்டில் பிறந்தவர் ஒருவர், அவ்வட்டாரக் கூத்து நன்கறிந்த பாரதக் கதையையே தம் முதற்படத்திற்குத் தேர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. கதையளவில் நெருக்கம் இருந்தும் அப்படம் கூத்துக் களத்தோடு தொழில் உறவு எதையும் உண்டாக்கவில்லை.

மௌனப்படக் காலம் முழுவதும் புகழ்பெற்ற மேடை நடிகர்களும் திரையை நாடவில்லை. பாட்டே அவர்களின் மூலதனம். மௌனப்படத்தில் பாட்டுக்கு இடமில்லை. உடல்வலிமையும் சாகசமும் உடையவர்களே அங்குத் தேவைப்பட்டனர். புதுக்கோட்டையைச் சேர்ந்த உடற்பயிற்சி வீரர் ராஜா சாண்டோ பம்பாய் மௌனப்படங்களில் நாயகனாக உயர்ந்தது இதற்குத் தக்க சான்று.

ஹாலிவுட் வரலாறு இங்கு மாறுபடுகிறது. பிராட்வே மேடையில் டேவிட் பெலாஸ்கோவிடம் நடித்த மேரி பிக்ஃபோர்டு 1909இல் டி.டபிள்யூ. கிரிஃபித்தின் பயோகிராஃப் நிறுவனத்தில் சேர்ந்தார். பிரெஞ்சு மேடை நடிகை சாரா பெர்ன்ஹார்ட் நடித்த 'எலிசபெத் அரசி' படத்தை அடால்ஃப் சூக்கர் 1912இல் அமெரிக்காவில் திரையிட்டார். ஃபிரெட் கார்னோவின் குழுவோடு அமெரிக்கா சென்ற சார்லி சாப்ளின் 1914இல் கீஸ்டோன் படங்களில் தோன்றினார். அங்கு மேடை நடிகர்களின் முதற்பெயர்ச்சி ஒலியற்ற திரையை நோக்கியே நிகழ்ந்தது. 1927க்குப் பின் பேச்சு வந்தபோது மற்றொரு பெயர்ச்சி ஏற்பட்டது. தமிழகத்தில் பெரும்பெயர்ச்சி ஒன்றே. அது ஒலியோடு தொடங்கியது. ஆகவே ஒலியின் வரலாற்றோடு இணைத்தே தமிழ் நடிகரின் தொழில்வழியைப் பயில வேண்டியுள்ளது.

3. குரல்வழி

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியான 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி. திருவையாற்றில் பிறந்து இளமையிலேயே நாடகக் குழுவில் சேர்ந்த அவர், மௌனப்படங்களிலும் தோன்றியவர். 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கித் தமிழின் முதற்பெண் இயக்குநராகவும் ஆனார். மேடை, மௌனப்படம், பேசும்படம், இயக்கம் என நான்கு நிலைகளையும் ஒருவரே கடந்த அரிய தொழில்வழி இது.

அடுத்து வந்த 'பவளக்கொடி' (1934) படமும் மேடைப் புகழைத் திரைக்குக் கொண்டுவந்தது. மேடையில் அதே நாடகத்தில் நடித்துப் புகழ்பெற்றிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரைக் கே. சுப்பிரமணியம் திரைக்கு அழைத்தார். சுமார் 50 பாடல்கள் கொண்ட அப்படம் ஏறத்தாழ மேடை நிகழ்வின் பதிவாகவே இருந்தது. 1935இல் வெளியான 'நந்தனார்' படத்திற்காகக் கே.பி. சுந்தராம்பாள் 1 லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றதாக வரலாற்று நூல்கள் ஒருமுகமாகக் கூறுகின்றன. பெண்ணொருவர் ஆண் அடியாராக வேடமேற்பதைத் திரைப்படம் தடையாகக் கருதவில்லை. உருவத்தைக் காட்டிலும் குரலுக்கே விலை மிகுதி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இக்குரல்களைத் திரைப்பட முதலீட்டாளர்க்கு அறிமுகம் செய்ததில் இசைத்தட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) ஒரு படத்திலும் நடிக்காமலே மறைந்தார். எனினும் அவரும் சுந்தராம்பாளும் பாடிய இசைத்தட்டுகள் மேடைப்பாடலுக்கு மேடைக்கு வெளியிலும் சந்தை உண்டு என்பதை நிறுவின. இசைத்தட்டு வேண்டியது தனிக்குரல். சில நிமிடங்களில் முடியும் பாட்டு. ஸ்பெஷல் நாடகம் இதற்கு இயைந்து வந்தது. அதில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் ஆகியோர் தனித்தனியே ஓர் இரவுக்கென ஒப்பந்தம் செய்யப்படுவர். ஆகவே நடிகரின் பெயருக்குத் தனி விலை ஏற்கெனவே இருந்தது.

கூத்தின் பாட்டு வேறு இயல்புடையது. வேடக்காரர் பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். முகவீணையும் மிருதங்கமும் தாளமும் அதனை ஏந்திச் செல்லும். குரல் அங்குக் குழுவினுடையது. அக்குரலைப் பிரித்தெடுத்து விலை குறிக்கும் வழி அன்றைய ஒலிச்சந்தையிடம் இல்லை.

4. குழுவழி

இரண்டாம் வழி பாய்ஸ் கம்பெனியின் வழி. 1918இல் மதுரையில் உருவான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயின்ற தி.க.ச. சகோதரர்கள் 1925இல் தனிச்சபை தொடங்கினர். அவர்களின் 'மேனகா' நாடகம் 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் படமானபோது குழுவினரே நடிகராயினர், என்.எஸ். கிருஷ்ணன் திரையில் அறிமுகமானதும் அதில்தான். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி' (1936) எம்.கே. ராதா, எம்.ஜி.ஆர்., டி.எஸ். பாலையா முதலிய நாடக நடிகர்களை ஒன்றுசேர்த்தது. அதே ஆண்டில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்ற சின்னப்பா 'சந்திரகாந்தா'வில் அறிமுகமானார்.

கம்பெனி திரைக்கு அளித்தது பயிற்சி மட்டுமன்று. ஒப்பந்தத்திற்குக் கட்டுப்பட்டு ஓரிடத்தில் தங்கி உழைக்கும் பழக்கம், மனப்பாடமான எழுத்துப் பிரதி, வாத்தியாரின் ஆணைக்கு அடங்கும் ஒழுங்கு, ஊர்விட்டு ஊர் பெயரும் வாழ்க்கை ஆகியவையும் உடன் வந்தன. பம்பாய், கல்கத்தா படப்பிடிப்பு நிலையங்களுக்குச் சென்று பல வாரங்கள் தங்கிப் படமெடுத்த அக்காலத்தில் இவ்வுழைப்பு முறை முதலீட்டாளர்க்குப் பெரிதும் உதவியது. நாடகப் பிரதிக்கு உரிமையாளர் இருந்தமையால் அதனை விலைக்கு வாங்கவும் முடிந்தது.

இவ்வழி எல்லோர்க்கும் விரைவான ஏற்றம் தரவில்லை. 1936இல் சிறுவேடத்தில் தோன்றிய எம்.ஜி.ஆர்., 'ராஜகுமாரி'யில் நாயகனாவதற்கு 1947 வரை, அதாவது 11 ஆண்டுகள், காத்திருந்தார். நாயகர் இடங்கள் குரல்வழி வந்த பாடகர்களிடம் இருந்தமை இத்தாமதத்திற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

கூத்துக் குழுவின் உழைப்பு முறை இதற்கு நேர்மாறு. வெற்றிலை பாக்கும் முன்பணமும் கொடுத்து ஊரார் குழுவை அமர்த்துவர். விழாக்காலமே தொழிற்காலம். துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர் எனப் பல இரவுகள் தொடரும் நிகழ்வு, படுகளச் சடங்கோடு பிணைந்தது. கூத்து நூல்கள் மலிவு அச்சில் வந்திருந்தபோதிலும் நிகழ்த்தும் உரிமை எந்த முதலாளியின் கையிலும் இல்லை. ஊரின் வேண்டுதலும் குழுவின் வழிவழி உரிமையும் சேர்ந்தே அதனைத் தீர்மானித்தன. விழாக்காலத்தில் குழுவைவிட்டு ஒருவர் விலகினால் அவருக்குரிய வேடமும் ஊர்களோடு கொண்ட உறவும் கைவிட்டுப் போகும். ஆகவே கூத்தர் திரைக்குச் செல்லாமைக்குத் திறன் குறைவைக் காரணமாகக் காட்டுவது பொருந்தாது.

5. வசனவழி

1938இல் ஏ.வி. மெய்யப்பன் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாடலைப் பயன்படுத்தினார். 1940களில் இம்முறை பரவியபோது பாடும் குரலும் நடிக்கும் உடலும் தனித்தனியாயின. இளங்கோவன் 'அம்பிகாபதி' (1937), 'கண்ணகி' (1942) ஆகியவற்றிற்கு எழுதிய உரையாடல்கள் வசனத்திற்குத் தனிமதிப்பைத் தந்தன. இவ்விரு மாற்றங்களும் சேர்ந்தே மூன்றாம் வழியைத் திறந்தன.

பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்க்கு மகரக்கட்டு, அதாவது பருவக் குரல்மாற்றம், தொழிலையே குலைக்கும் இடராக இருந்தது. பாட முடியாதவன் நாயக வேடத்தை இழப்பான். பின்னணிப் பாடல் அவ்விடரை நீக்கியது. 'பராசக்தி'யில் (1952) சிவாஜி கணேசனுக்காகச் சி.எஸ். ஜெயராமன் பாடினார், கணேசனின் பேச்சுக்குரலே அவரை நிலைநிறுத்தியது. கே.ஆர். ராமசாமி மேடையில் நடித்த 'வேலைக்காரி' 1949இலும், எம்.ஆர். ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' 1954இலும் படங்களாயின. 1937இலேயே 'ராஜசேகரன்' படத்தில் நடித்து மேடைக்குத் திரும்பிய ராதா, வசனக்காலத்தில் மீண்டும் திரையில் வெற்றிபெற்றது தற்செயலன்று.

'ஹரிதாஸ்' (1944) வெற்றிக்குப் பின் தியாகராஜ பாகவதரின் வீழ்ச்சியைச் சிறைவாசத்தால் மட்டுமே விளக்குவது வழக்கம். 1947இல் விடுதலையான அவர் நடித்த 'ராஜமுக்தி' (1948) வரவேற்பைப் பெறவில்லை. அவர் இல்லாத ஆண்டுகளில் பாடக நாயகனுக்கான தேவையே குறைந்துவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

'பராசக்தி', 'ரத்தக்கண்ணீர்' இரண்டையும் தயாரித்த பி.ஏ. பெருமாள் முதலியார் வேலூர்க்காரர். 'கீசக வதம்' தொடங்கி 'ரத்தக்கண்ணீர்' வரை திரைக்கு முதலீட்டாளரை அளித்த வடாற்காடு, தன் கூத்து நடிகரை அளிக்கவில்லை. வட்டாரம் திரைத் தொழிலுக்குத் தொலைவில் இருந்தது என்னும் எளிய விளக்கம் இதனால் தகர்கிறது.

6. பெண்வேடமும் 'கூத்தாடி'யும்

திரைக்கு வராமல் நின்றது கூத்து மட்டுமன்று. கம்பெனி மேடையின் ஒரு பகுதியும் நின்றுவிட்டது. ஔவையாராக நடித்து 'ஔவை' சண்முகம் என்றே அழைக்கப்பட்ட தி.க. சண்முகத்தின் பெரும்புகழ் மேடையோடு நின்றது. 1953இல் ஜெமினியின் 'ஔவையார்' வெளிவந்தபோது சுந்தராம்பாள் அவ்வேடத்தை ஏற்றார். 1935இல் நந்தனாராகப் பெண் தோன்ற இடம் தந்த திரைப்படத்தில் மேடை ஔவைக்கு இடமில்லை. இரு நிகழ்விலும் வென்றது சுந்தராம்பாளின் குரலே. பெண்வேடத்தில் தேர்ந்த ஆண் நடிகர்களின் உடற்பயிற்சி திரையில் மதிப்பிழந்தது. சிவாஜி கணேசனின் இளமைக்காலப் பெண்வேடப் பயிற்சி நாயக நடிப்புக்குள் கரைந்து எஞ்சியது.

'கூத்தாடி' என்பது நடிகர் அனைவரையும் இழித்துரைக்கப் பயன்பட்ட சொல். கம்பெனி நடிகர்கள் 'நடிகர்', 'கலைஞர்' என்னும் பெயர்களை ஈட்டி அவ்விழிவிலிருந்து விலகினர். அவ்வாறு விலகியபோது அச்சொல்லின் சுமை முழுவதும் உண்மையில் கூத்தாடியோர்மீது விழுந்தது. திரைவரலாறும் அவர்களை 'முன்னோடி வடிவம்' என ஒரு பத்தியில் கூறிக் கடந்துவிட்டது.

இவ்விரு மேடைகளுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இல்லை என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கம்பெனி நாடகம் கூத்தின் விருத்தங்களையும் கட்டியக்காரனின் நகைச்சுவையையும் உள்வாங்கியது; கூத்தும் ஆர்மோனியத்தையும் நாடக மெட்டுகளையும் ஏற்றது. கலைக்கூறுகள் எல்லை கடந்தன. தொழில்வாய்ப்பு கடக்கவில்லை என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

7. முடிவுரை

மேடையிலிருந்து திரைக்கான பெயர்ச்சியை மரபின் இயல்பான வளர்ச்சி என்பதைவிடத் தேர்வு என்பதே பொருந்தும். தனிக்குரலுக்கு இசைத்தட்டு விலை குறித்தது. ஒப்பந்த உழைப்பைக் கம்பெனி பழக்கியது. பின்னணிப் பாடல் வசன நடிகரை முன்னிறுத்தியது. இம்மூன்றிலும் கூத்தின் குழுக்குரலும் விழாக்கால உழைப்பும் பொருந்தவில்லை.

1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையில் புரிசை கண்ணப்ப தம்பிரான் பயிற்சியளித்தார். அங்குப் பயின்ற பசுபதி, கலைராணி முதலியோர் பின்னர்த் திரைக்கு வந்தனர். கூத்தின் உடல்மொழி நகரத்து நவீன நாடகக்குழுவின் வழியாக, பேசும்படம் தோன்றி அரை நூற்றாண்டு கழிந்தபின் திரையை அடைந்தது. அப்போதும் பயிற்சியே சென்றது. பயிற்றுவித்த மரபின் கலைஞர்கள் விழாக்களத்திலேயே இருந்தனர்.

எனவே தமிழ்த் திரைநடிப்பின் வரலாற்றை எழுதுவோர் தன்வரலாறுகளோடு நிறுத்தாமல், ஆரணி, சந்தவாசல், செய்யாறு வட்டாரக் கூத்துக்குழுக்களின் வாய்மொழி நினைவுகள், ஊர் விழாக் கணக்குகள், மலிவு அச்சுக் கூத்துநூல்கள் ஆகியவற்றையும் மூலங்களாகக் கொள்ள வேண்டும். முதிய கூத்தர்களின் நினைவுகள் பதிவு பெறாமல் மறையும் நிலையில் இப்பணி காலத்தாழ்வுக்கு இடந்தராதது. திரைக்குச் சென்றவர்களின் வரலாறு, செல்லாதவர்களையும் உடன்வைத்துப் பார்க்கும்போதே முழுமை பெறும்.