பால்வாடியா, ப்ளே ஸ்கூலா: எதை வைத்து எடைபோடுவது?

ஆவடி மாநகராட்சிக்கு உட்பட்ட சேக்காட்டில், பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கினாலே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். பால்வாடியில் விடுவதா, ஃபீஸ் கட்டி ப்ளே ஸ்கூலில் சேர்ப்பதா? டாங்கி ஃபேக்டரி, அம்பத்தூர் எஸ்டேட் என்று வேலையைத் தேடி வந்தவர்கள் நிறைந்த வட்டாரம் இது. பல வீடுகளில் தாத்தா பாட்டி ஊரில் இருப்பார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போயாக வேண்டும். சுவரில் தீட்டிய பொம்மைப் படங்கள், யூனிஃபார்ம், ஆங்கில ரைம்ஸ் ஆகியவற்றைப் பார்த்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். இவை எதுவும் சரியான அளவுகோல் அல்ல. அங்கே பெரியவர்கள் எத்தனை பேர், அவர்கள் பிள்ளைகளிடம் என்ன பேசுகிறார்கள்? இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் பால்வாடி, ப்ளே ஸ்கூல் இரண்டுக்குமே பாதி மதிப்பெண்தான் போட முடியும்.

முதலில் பால்வாடி, அதாவது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் சேர்ந்துதான் தமிழ்நாட்டில் 54,000-க்கும் அதிகமான மையங்களாக விரிந்தன. வீட்டுக்குப் பக்கம், பைசா செலவில்லை, சூடான சாப்பாடு, வாரத்துக்கு மூன்று முட்டை, மாதாமாதம் எடை. ஃபீஸ் வாங்கும் இடம் எதிலும் இவ்வளவும் கிடைக்காது. பாடத்திட்டத்திலும் குறை சொல்ல முடியாது. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரிலேயே அதன் நோக்கம் தெரிகிறது: பாட்டு, கதை, விளையாட்டு. அதுவும் பிள்ளைக்குப் புரிகிற தமிழில். ஒரு மூன்று வயதுப் பிள்ளைக்கு ‘ஏன்’ என்று கேட்க வருவது வீட்டில் பேசும் மொழியில்தான்.

பலவீனம் ஆள் கணக்கில் இருக்கிறது. ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். உதவியாளருக்குச் சமையலும் சுத்தமும் சரியாக இருக்கும். பணியாளர் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும். வீடு வீடாகப் போக வேண்டும். பதிவேடு எழுதி, அதையே செல்போன் செயலியிலும் ஏற்ற வேண்டும். பல இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில்தான். இத்தனையும் முடிந்த பிறகு மிஞ்சும் நேரம்தான் பிள்ளைகளுக்கு. சோறு பிள்ளைகளை மையத்துக்கு வரவழைத்தது உண்மை. ஆனால் நாளடைவில் சோறு போடும் இடம் என்பதே அதன் அடையாளமாகவும் ஆகிவிட்டது. கொஞ்சம் கையில் காசு சேர்ந்ததும் பெற்றோர் ப்ளே ஸ்கூல் பக்கம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது தீர்க்க முடியாத குறை அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. அலெஹாந்த்ரோ கனிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், நம் மாநிலத்து அங்கன்வாடிகளில் குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. ஒரே ஓர் ஆள் கூடியதில் வந்த பலன் இது.

இனி ப்ளே ஸ்கூல். ஆள் கணக்கில் அது முந்துகிறது: டீச்சர், ஆயா, வாசலில் ஒருவர். கழிவறை சுத்தமாக இருக்கும். சில இடங்களில் மாலை ஆறு வரைகூடப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வரும் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பால்வாடியை நடத்தும் அரசு இன்னும் உணரவில்லை.

சறுக்கல் பேச்சில்தான். பேச்சுக்குப் பதிலாக மூன்று வயதுப் பிள்ளைக்குக் கோடு போட்ட நோட்டும் புள்ளி வைத்த எழுத்துகளும் கொடுக்கிறார்கள். மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகியிராத வயது அது. ‘கேப்பிடல் ஏ’ எழுதத் தெரிந்தால் அப்பாவுக்குப் பெருமை. அதனால் பள்ளியும் அதையே செய்கிறது. 2017-ல் வெளிவந்த இந்தியத் தொடக்கக் குழந்தைப்பருவக் கல்வித் தாக்க ஆய்வும், தனியார் முன்பருவப் பள்ளிகளில் எழுத்தும் எண்ணுமே ஆட்சி செய்கின்றன, வயதுக்கேற்ற விளையாட்டு அரிது என்றுதான் சொன்னது. இதில் ஒரு முரணும் உண்டு. 1939-ல் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளை தன் கையாலேயே செய்து, தன் வேகத்தில் கற்க வேண்டும் என்பது அவர் முறை. இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, உள்ளே இருபது பிள்ளைகளை ஒரே நேரத்தில் ஒரே எழுத்தை எழுத வைக்கும் இடங்கள் உண்டு.

நல்ல பேச்சு எப்படி இருக்கும்? ஒரு வாளித் தண்ணீர், ஒரு சொம்பு, இரண்டு டம்ளர் போதும். பிள்ளை டம்ளரால் மொண்டு சொம்பில் ஊற்றுகிறது. “தண்ணிய கொட்டாத, தள்ளு” என்றால் கதை அங்கேயே முடிந்தது. “இன்னும் எத்தன டம்ளர் ஊத்துனா ரொம்பும், சொல்லு?” என்று டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தால், பிள்ளை ஊகிக்கும், ஊற்றிப் பார்க்கும், தப்பு என்று தெரிந்து சிரிக்கும், “சின்ன டம்ளருன்னா நெறைய ஊத்தணும்” என்று தானே சொல்லும். அளவு, ஒப்பீடு, காரணம் எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டன. இங்கிலாந்தில் சுமார் 3,000 குழந்தைகளை 1997 முதல் பின்தொடர்ந்த ஆய்வும் இதையே கண்டது: சிறந்த மையங்களில் பெரியவரும் பிள்ளையும் ஒரே விஷயத்தைச் சேர்ந்து யோசிக்கும் பேச்சு அதிகம் நடந்தது. அதற்கு நேரமுள்ள ஆள் வேண்டும். 2013-ன் தேசியக் குழந்தைப்பருவக் கல்விக் கொள்கை மூன்று வயதுக்கு மேல் 20 பிள்ளைகளுக்கு ஒருவர், மூன்றுக்குக் கீழே 10 பேருக்கு ஒருவர் என்று வகுத்தது இந்தக் காரணத்தால்தான்.

ஆளைப் போட்டால் போதாது, தகுந்த ஆளாகவும் இருக்க வேண்டும். 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியபோது தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒன்றாம் வகுப்புக்குப் பயிற்சி பெற்றவர் ஒன்றாம் வகுப்பைத்தான் மூன்று வயதுக்கு இறக்கிக் கொண்டுவருவார்.

ஆகவே என் தீர்ப்பு இது. உணவு, மொழி, பாடத்திட்டம் மூன்றிலும் பால்வாடியே மேல். ஆளிலும் நேரத்திலும் ப்ளே ஸ்கூல் மேல். ப்ளே ஸ்கூலின் குறையைத் திருத்தப் பெற்றோரின் ஆசையே மாற வேண்டும். அதற்கு வெகுகாலம் பிடிக்கும். பால்வாடியின் குறையைத் திருத்த ஓர் அரசாணை போதும்: மையத்துக்கு ஒருவர் கூடுதலாக, சின்னப் பிள்ளைகளுக்கென்றே பயிற்சி பெற்றவராக.

அதுவரை பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எங்கே சேர்ப்பதானாலும் முதலில் அரைமணி நேரம் உள்ளே உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். ஓட இடம் உண்டா, பிள்ளை தானே எடுக்கிற உயரத்தில் சாமான்கள் இருக்கின்றனவா, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி உண்டா என்று பாருங்கள். 2004-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. பிறகு டீச்சர் பேசுவதைக் கவனியுங்கள். அதட்டலைவிடக் கேள்வி அதிகமாக இருந்தால், சுவரில் வண்ணம் உதிர்ந்திருந்தாலும் அங்கேயே சேருங்கள். உள்ளே உட்கார விடமாட்டோம் என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள்.