டயோனிசஸின் மலைவலம்

பண்டைக் கிரேக்கர்கள் மதுவின் தெய்வமான டயோனிசஸுக்கு எடுத்த விழாக்களில் பெண்களின் மலைவலம் தனித்தன்மை கொண்டது. ஓராண்டு விட்டு ஓராண்டு, குளிர்காலத்தில், டெல்ஃபி நகரப் பெண்களும் ஏதென்ஸிலிருந்து வந்தவர்களும் பர்னாசஸ் மலையேறி இரவில் ஆடினர். மான்தோல் போர்த்தி, கொடி சுற்றிய கோல் ஏந்தி, குழலும் பறையும் முழங்க ஆவேசம் கொண்டு ஆடிய இப்பெண்கள் மேனாடுகள் எனப்பட்டனர்.

தறியும் பிள்ளைகளுமாக வீட்டுக்குள் அடங்கிய வாழ்வில், ஊர் அறிய வெளியேறிச் செல்ல இது வழிவிட்டது. அதைவிடப் பெரிய வலிமை பெண்களிடையே அது வளர்த்த பரிவு. கி.மு. நான்காம் நூற்றாண்டுப் போர்க்காலத்தில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். ஆவேசத்தில் வழிதவறிய மேனாடுகள் ஆம்ஃபிசா நகரச் சந்தையில் களைத்து உறங்கிவிட்டனர். ஊரில் படைவீரர்கள் நிறைந்திருந்ததால், உள்ளூர்ப் பெண்கள் ஓடிவந்து அவர்களைச் சூழ்ந்து சத்தமின்றிக் காவல் நின்றனர். விழித்தபின் உணவளித்து எல்லைவரை வழியனுப்பினர்.

ஆனால் இந்த விடுதலை நாள் குறித்துக் கொடுக்கப்பட்டது. கி.மு. 276-ஐச் சேர்ந்த மிலேட்டஸ் கல்வெட்டு, நகரின் சார்பில் பெண் பூசாரி பச்சை இறைச்சிப் படையல் இடும்முன் வேறெவரும் இடக்கூடாது என்கிறது. ஆவேசத்துக்கும் வரிசைமுறை உண்டு. ஆடி முடித்தவர்கள் திரும்பியது அதே வீட்டுக்குத்தான்; அங்கே அவர்கள் நிலையில் எதுவும் மாறவில்லை.

இன்னொரு குறை, கிடைத்துள்ள சான்றுகள் பெரும்பாலும் ஆண்களுடையவை என்பது. நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் இறந்தபின் கி.மு. 405 அளவில் ஏதென்ஸில் அரங்கேறிய அவரது 'பாக்கே' நாடகத்தில், வெறியில் தாயே மகனைக் கிழித்துக் கொல்கிறாள். உண்மைச் சடங்கில் அப்படி நடந்ததற்குச் சான்றில்லை. ஆயினும் அந்த அச்சமே பின்வந்தோர் மனத்தில் ஊன்றிவிட்டது. கலைஞர்கள் இன்னும் நுட்பமாகப் பார்த்தனர். மியூனிக்கிலுள்ள, கி.மு. 490-480 அளவிலான வெண்தளக் கிண்ணத்தில் பிரைகோஸ் ஓவியர் ஒரு மேனாடைத் தீட்டியுள்ளார். தலையில் பாம்பு, தோளில் சிறுத்தைத் தோல், ஒரு கையில் கோல், மறுகையில் சிறுத்தைக்குட்டி. முகமோ பின்னே திரும்பியிருக்கிறது. ஆடையின் மடிப்புகளிலேயே ஓட்டத்தின் வேகம் தெரிகிறது. அழகின் உச்சம்தான். எனினும் மலைக்குளிரும் களைப்பும் இதில் இல்லை. புளூட்டார்க் காட்டும் தளர்ந்த பெண்ணை எந்தக் கிண்ணமும் இவ்வளவு அன்போடு வரையவில்லை.

பின்னாளில் ரோமில் டயோனிசஸ் வழிபாடு அரசின் மேற்பார்வைக்கு வெளியே பரவியது. ஆண்களும் சேர்ந்தனர், கூட்டங்கள் இரவில் கூடின. கி.மு. 186-இல் செனட் சபை அதை ஒடுக்கியது: அனுமதி இல்லாமல் இரண்டு ஆண்கள், மூன்று பெண்களுக்குமேல் சடங்கில் கூடக்கூடாது என்று ஆணையிட்டது.