டாப்சோனியன் தொலைநோக்கி

எப்போதாவது குடும்பத்தோடு வானம் பார்க்க விரும்புவோர்க்கு, மேசைமேல் வைக்கத்தக்க 130 மி.மீ. விட்ட ஆடியுள்ள டாப்சோனியனைவிடப் பொருத்தமான சிக்கனக் கருவி அரிது. ஒளியைத் திரட்டும் ஆடியின் விட்டமே தொலைநோக்கியின் உண்மையான ஆற்றலாகும். பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் உருப்பெருக்கமோ, ஆடியின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்துப் பெறும் எண் மட்டுமே. 650 மி.மீ. குவியத் தூரமுள்ள இக்கருவியில் 10 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 65 மடங்கு கிடைக்க, வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் சிறு புள்ளிகளாக ஏறக்குறைய ஒரே கோட்டில் தெரிகின்றன. சான் பிரான்சிஸ்கோவின் நடைபாதைகளில் வழிப்போக்கர்களுக்கு வானத்தைக் காட்டிய ஜான் டாப்சன் பரப்பிய டாப்சோனியன் தாங்கியின் அழகு அதன் எளிமையில்தான் உள்ளது: வழவழப்பான டெஃப்லான் துண்டுகளின்மேல் பலகை வழுக்கிச் சுழல்வதால், சிறுபிள்ளை விரலால் தள்ளினாலும் குழல் நகர்ந்து, கையெடுத்த இடத்திலேயே நின்றுவிடுகிறது; மலிவான முக்காலிகளில் பாடாய்ப்படுத்தும் ஆட்டம் இதில் மிகக் குறைவு.