நாளை எண்ணிய ஒரு பெண்: அன்னி எர்னோவை வாசித்தல்

கருக்கலைப்பு என்ற பேச்சு வந்தால் நம்மிடையே இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். ஒருவர் மார்க்கம் பேசுவார், மற்றவர் உரிமை பேசுவார். கர்ப்பமாக இருக்கும் பெண் அந்தப் பேச்சில் எங்கும் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் அன்னி எர்னோவின் சிறுநூல் ஒன்றை நம் வாசகர்கள் முன் வைக்க நான் விரும்புவதற்கு முதற்காரணம் இதுதான்.

2022இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் எர்னோ. 2000ஆம் ஆண்டு வெளிவந்த இந்நூலின் பிரெஞ்சுப் பெயருக்கு 'நிகழ்வு' என்று பொருள். ஆங்கிலத்தில் 'ஹெப்பனிங்' என்று வந்தது. 2021இல் ஒட்ரி திவான் இதைத் திரைப்படமாக்கி வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருது பெற்றார். இது நாவல் அல்ல. தனக்கு நடந்ததைத்தான் எர்னோ எழுதியிருக்கிறார்.

1963இன் கடைசி மாதங்கள். ரூவன் நகரில் படிக்கும் 23 வயது மாணவி, திருமணமாகாதவள், தான் கர்ப்பம் என்று அறிகிறாள். தாய் தகப்பன் சிறிய ஊரொன்றில் பலசரக்குக் கடையும் கபேயும் நடத்துபவர்கள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் இவள்தான். அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி கலைப்பவளும் குற்றவாளி, உதவுபவரும் குற்றவாளி. டொக்டர்மார் கையை விரிக்கிறார்கள். தெரிந்த ஆண்கள் சிலர் உதவுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். பின்னல் ஊசியால் தானே முயன்று தோற்கிறாள். கடைசியில் பாரிஸில் இரகசியமாக இந்த வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் 400 பிராங்க் கொடுத்துப் போகிறாள். மாணவர் விடுதியில் கரு விழுகிறது. இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே இளம் டொக்டர் ஒருவர் அவளிடம் எரிந்து விழுகிறார். அவள் பல்கலைக்கழக மாணவி என்று பிறகு தெரியவந்ததும் அவருக்குச் சங்கடமாகிவிடுகிறது. கடைச் சிப்பந்தி என்றால் ஏசலாம், படித்தவள் என்றால் ஏசக்கூடாது! இந்த இடத்தை எர்னோ அழுத்திச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஆனாலும் வாசிப்பவர் மனதில் அது தைக்கிறது.

தமிழ் படித்தவள் என்ற வகையில் என் கவனம் சொற்களில் போனது. அந்த நாட்களின் நாட்குறிப்பில் அவள் 'கர்ப்பம்' என்ற சொல்லைத் தவிர்க்கிறாள். 'அது', 'அந்த விஷயம்' என்றுதான் எழுதுகிறாள். நம்ம பெண்டுகளும் இப்படித்தானே! 'அவளுக்கு ஒரு கரைச்சலாம்' என்பார்கள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. சட்டமும் வெட்கமும் சேர்ந்தால் முதலில் போவது சொல். சொல் போனால் யாரிடமும் யோசனை கேட்கவும் வழி இல்லை. எல்லாம் முடிந்தபின் அவள் தேவாலயத்துக்குப் போய்ப் பாதிரியாரிடம் சொல்கிறாள். அவர் கண்ணில் தான் ஒரு குற்றவாளி மட்டுமே என்று கண்டுகொள்கிறாள். மார்க்கத்தோடு அவளுக்கிருந்த உறவு அத்தோடு முடிகிறது. நம் பள்ளிவாசல் நிர்வாகிகள் யோசிக்க வேண்டிய பக்கம் அது.

எனினும் இந்த நூலில் எனக்கு முக்கியமாகப்பட்டது நாட்கணக்கு. நூல் முழுக்க அவள் வாரங்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒக்டோபரில் உண்டான கரு ஜனவரியில்தான் கலைகிறது. மூன்று மாதம் தாண்டிவிட்டது. இந்தத் தாமதம் அவள் மனம் ஊசலாடியதால் வந்ததல்ல. ஆள் தேடி, முகவரி தேடி, காசு தேடி அலைந்ததில் போன நாட்கள் அவை.

நாட்கணக்கு நமக்குப் புதிதல்ல. இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கும் ஹதீஸின் அடிப்படையில், ரூஹ் ஊதப்படுவது 120 நாளில் என்பது அறிஞர் பலரின் முடிவு. அதற்கு முன் தக்க காரணம் இருந்தால் கலைக்கலாம் என்ற ஹனபி அறிஞர்கள் உண்டு. தொடக்கத்திலிருந்தே கூடாது என்பது மாலிகி மத்ஹபில் வலுவான கருத்து. நமது ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் எந்தக் கட்டத்திலும் அது குற்றமே என்கிறார். ஆனால் கட்டம் ஏற ஏறக் குற்றமும் கனக்கிறது என்றும் சேர்த்தே சொல்கிறார். அந்த அளவுகோலை எடுத்து எர்னோவின் கதை மீது வைத்துப் பாருங்கள். தடைச்சட்டம் அவளைத் தடுக்கவில்லை. பாரம் குறைந்த கட்டத்திலிருந்து பாரம் கூடிய கட்டத்துக்கு அவளைத் தள்ளியது. அவ்வளவுதான் அது செய்தது.

நூலில் எனக்குக் குறையும் தெரிகிறது. எர்னோவுக்கு நாட்கணக்கு அச்சத்தின் கணக்கு மட்டுமே. வயிற்றில் இருப்பதற்கு ஒரு ஹக் உண்டா என்ற கேள்வியை அவர் எடுப்பதேயில்லை. நமக்கோ அதுதான் முதற்கேள்வி. ஆனால் அவர் எதையும் மறைக்கவுமில்லை. விழுந்த கருவின் உருவத்தை உள்ளபடி எழுதுகிறார், தானும் விடுதித் தோழியும் அழுததை எழுதுகிறார். கேள்வியை அவர் கேட்காவிட்டாலும், வாசிப்பவர் அதைக் கேட்கத் தேவையானதெல்லாம் பக்கத்தில் இருக்கிறது. நேர்மையான எழுத்து என்று நான் சொல்வது இதைத்தான்.

பிரான்ஸில் 1975இல் சுகாதார அமைச்சர் சிமோன் வேய் கொண்டுவந்த சட்டம் பத்து வாரம்வரை அனுமதித்தது. 2001இல் அது பன்னிரண்டு வாரமானது, 2022இல் பதினான்கு. 2022 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம், 1973 முதல் அங்கிருந்த பாதுகாப்பை நீக்கியது. சட்டம் எழுதிவைத்தால் மட்டும் போதாது என்று பிரெஞ்சுக்காரர் பயந்தார்கள். 2024 மார்ச் 4ஆம் திகதி, 780க்கு 72 என்ற வாக்குகளால் அதை அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். பதினான்கு வாரம் என்றால் 98 நாள். நம் கிதாபுகளின் 120 நாளுக்குள் அது நிற்கிறது. காரணம் கேட்காமல் அனுமதிப்பதை நம் உலமாக்கள் ஏற்கமாட்டார்கள், நானும் ஏற்கவில்லை. ஆனால் 'மேற்கின் வெறியாட்டம்' என்று மிம்பரில் ஏசுமுன் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைத்தால் மூன்று வருடம்வரை சிறை, கருவில் அசைவு கண்டபின் என்றால் ஏழு வருடம்வரை சிறை. தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவு இது. 1883இல் வெள்ளைக்காரன் எழுதியது. வன்புணர்வால் கருவுற்ற பிள்ளைக்கு இதில் விலக்கு இல்லை. பிழைக்கவே முடியாத ஊனமுள்ள கருவுக்கும் இல்லை. மக்காவிலுள்ள இஸ்லாமிய பிக்ஹ் கவுன்சிலோ, அப்படியான கருவை 120 நாளுக்கு முன் கலைக்க 1990இலேயே இடம் கொடுத்துவிட்டது. 1995இலும் 2017இலும் இங்கே திருத்தம் பேசப்பட்டது, நிறைவேறவில்லை. இருக்கும் சட்டத்தை மார்க்கத்தின் பெயரால் காப்பவர்கள் உண்மையில் காப்பது விக்டோரியா காலத்துச் சட்டத்தை. நம் பிக்ஹு அதைவிட விசாலமானது.

ஹராமா ஹலாலா என்பது ஒரு கேள்வி. ஒரு பெண்ணைச் சிறையில் போடலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் நம் விவாதம் நகராமல் நிற்கிறது. எர்னோவின் நூல் முதற்கேள்விக்கு விடை தராது. அதை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்பவர் யாராக இருந்தாலும், இந்நூலை ஒருமுறை வாசித்துவிட்டுச் சொல்லட்டும்.